மூன்று நாள் கொப்பி

கர்ப்பப்பையை எடுத்தாயிற்று. தையல் ஆறிவிட்டது. மாதாமாதம் வதைத்த இரத்தப்போக்கும் நின்றுவிட்டது. ஆனால் மூன்று மாதம் கழிந்தும் மனைவி இரவில் நாலைந்து தடவை எழும்புகிறார். மடுல்சீமைப் பக்கத்துப் பழைய லயமென்றால் கக்கூஸ் காம்பராவுக்கு வெளியேதான். இஸ்தோப்பைத் தாண்டி ஈரப்படியில் இறங்கிப் போகவேண்டும். பனியிலும் இருட்டிலும் தனியே அனுப்ப மனமில்லாமல் கணவரும் டோர்ச் லைட்டை எடுத்துக்கொண்டு எழும்புகிறார். விடிந்தால் இருவரும் பெரட்டுக்களத்தில் நிற்கவேண்டும்.

டிஸ்பென்சரியில் சொன்னால் கிருமிக்கு மாத்திரை கிடைக்கிறது. ஒரு கிழமை பரவாயில்லை, மறு கிழமை பழையபடி. அக்கம்பக்கத்தில் கேட்டால், "வயித்துல கத்தி வச்சா அப்படித்தான் இருக்கும், போகப்போகச் சரியாயிரும்" என்கிறார்கள். வருடம் ஒன்றாகிறது. சரியாகவில்லை.

சத்திரசிகிச்சைக்குப் பிறகு விடாமல் தொடரும் சிறுநீர்த் தொல்லை ஒரே நோயல்ல. வெளியே ஒன்றுபோலத் தெரியும் நாலைந்து வெவ்வேறு கோளாறுகள் அதற்குள் இருக்கின்றன. ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்து இன்னொன்றை மோசமாக்கக்கூடும். ஆகவே எந்த வகை என்று பிரித்தறிவதுதான் நிவாரணத்தின் முதற்படி. அந்தப் பிரிப்புக்கு முதலில் தேவைப்படுவது விலையுயர்ந்த இயந்திரமல்ல. ஒரு கொப்பியும் அளவு குறித்த ஒரு பிளாஸ்டிக் குவளையும், அவற்றைப் பொறுமையாகக் கையாளக் கணவனும் மனைவியுமாக இரண்டு பேரும்.

ஒட்டியிருக்கும் உறுப்புகள்

சிறுநீர்ப்பை கர்ப்பப்பைக்கு முன்னால், அதன் கழுத்தோடு ஒட்டினாற்போல் இருக்கிறது. கர்ப்பப்பையை எடுக்கவேண்டுமானால் சிறுநீர்ப்பையை அதிலிருந்து மெல்லப் பிரித்துக் கீழே தள்ளவேண்டும். முன்பு சீசர் செய்த பெண்ணுக்கு அந்த இடத்தில் தழும்பு இறுகியிருக்கும், பிரிப்பது கடினம். சிறுநீரகத்திலிருந்து வரும் குழாய்கள் கர்ப்பப்பைக் கழுத்துக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் பக்கத்தில், கர்ப்பப்பைக்கு இரத்தம் கொண்டுபோகும் நாளத்துக்கு அடியால் ஓடுகின்றன. அந்த நாளத்தைக் கட்டாமல் கர்ப்பப்பையை எடுக்க முடியாது. அனுபவமுள்ள சத்திரசிகிச்சை நிபுணரும் மிகக் கவனமாக நிற்கும் இடம் அது.

கண்ணுக்கு எளிதில் தெரியாத இன்னொன்றும் அங்கே உண்டு. சிறுநீர்ப்பையை இயக்கும் நரம்புகள் முதுகெலும்பின் அடிப்பகுதியிலிருந்து கிளம்பி, கர்ப்பப்பைக் கழுத்தின் இரு பக்கமும் மெல்லிய வலையாகப் பரவி வருகின்றன. வெட்டு ஆழமாகப் போகப்போக, குறிப்பாகப் புற்றுநோய்க்காகச் சுற்றியுள்ள இழையத்தையும் சேர்த்து எடுக்கும்போது, இந்த வலையின் ஒரு பகுதி அறுபடலாம், நசுங்கலாம்.

சிறுநீர்ப்பையின் வேலை இரண்டே இரண்டு: சேர்த்து வைப்பது, வெளியேற்றுவது. நிரம்பும்போது பையின் தசை தளர்ந்திருக்கவேண்டும், வாயிலின் தசை இறுகியிருக்கவேண்டும். கழிக்கும்போது இது தலைகீழாகவேண்டும். வளர்ந்தவருக்கு 150 முதல் 200 மில்லிலீட்டர் சேர்ந்ததும் முதல் உணர்வு வரும். 400, 500 வரை அடக்கி வைக்கலாம். எப்போது சேர்ப்பது, எப்போது விடுவது என்ற மாற்றத்தை மூளைத்தண்டிலுள்ள ஒரு சிறு மையம் நடத்துகிறது. பிரித்தானிய மருத்துவர் பாரிங்டன் 1925இல் பூனைகளில் ஆராய்ந்து இதைக் கண்டுபிடித்தார். அந்த மையம் இன்றும் அவர் பெயரால் வழங்குகிறது. மேலே மூளை, நடுவே முள்ளந்தண்டு, கீழே இடுப்பு நரம்புகள், கடைசியில் தசை. இந்த வரிசையில் எங்கே கோளாறு வந்தாலும் வெளியே தெரிவது இரண்டில் ஒன்றுதான்: உடுப்பு நனைகிறது, அல்லது கழிக்க முடியவில்லை.

நான்கு வகை

முதல் வகை, அழுத்தத்தால் கசிவது. இருமினால், தும்மினால், சிரித்தால், பாரம் தூக்கினால் கொஞ்சம் போகும், படுத்திருந்தால் போகாது. பிரசவங்களாலும் வயதாலும் தளர்ந்த இடுப்படித் தசையால் வயிற்றழுத்தத்தைத் தாங்க முடிவதில்லை. கூடை நிறையக் கொழுந்தோடு செங்குத்தான மலையில் இறங்கி மடுவத்துக்கு நடப்பவருக்கு ஒவ்வோர் அடியும் ஓர் இருமலுக்குச் சமம். கர்ப்பப்பை இறங்கியதற்காக ஆப்பரேசன் செய்தவர்களில் சிலருக்கு இது புதிதாகத் தலைகாட்டும். இறங்கிய உறுப்பு அதுவரை சிறுநீர்க்குழாயை மடக்கி அடைத்திருக்கும்; அதைத் தூக்கிக் கட்டியதும் மறைந்திருந்த கசிவு வெளிப்படும்.

இரண்டாம் வகை, அவசரம். திடீரென்று முட்டும், கக்கூஸ் போய்ச் சேர்வதற்குள் போய்விடும். பை நிரம்பாமலே அதன் தசை தானாகச் சுருங்குவதுதான் காரணம். தண்ணீர்ச் சத்தமும் குளிரும் இதைத் தூண்டும்.

மூன்றாம் வகை, நிரம்பி வழிவது. நரம்பு வலுவிழந்ததால் பையின் தசை சுருங்காது. ஆப்பரேசனுக்குப் பின் பல மணி நேரம் கழிக்க முடியாமல் பை அளவுக்கு மீறி விரிந்தாலும் இப்படி ஆகலாம். முழுவதும் காலியாகாமல் மிச்சம் நிற்கும். அதன் மேல் புதிது வந்து சேரும். மழை நாளில் நிரம்பிய தொட்டி விளிம்பால் வழிவதுபோலக் கொஞ்சங்கொஞ்சமாகச் சிந்திக்கொண்டிருக்கும். நோயாளி "அடிக்கடி போகுது" என்பார். உண்மையில் அவருக்கு முழுவதுமாகப் போவதே இல்லை. தேங்கிய சிறுநீரில் கிருமி வளரும். மாத்திரை போட்டால் கிருமி சாகும், தேக்கம் அப்படியே நிற்கும். கிழமைக்குக் கிழமை திரும்பி வரும் காய்ச்சலுக்கும் கடுப்புக்கும் இது ஒரு முக்கியக் காரணம்.

நான்காம் வகை, ஓட்டை. சிறுநீர்ப்பைக்கும் யோனிக்கும் இடையே திறப்பு ஏற்பட்டுவிட்டால் நின்றாலும் இருந்தாலும் தூங்கினாலும் ஓயாமல் ஒழுகும். பெரும்பாலும் ஆப்பரேசன் முடிந்து ஒன்று, இரண்டு கிழமையில் தொடங்கும். அன்று சத்திரசிகிச்சை அறையில் எல்லாம் சரியாகவே தெரிந்திருக்கலாம். ஒரு தையல் பையின் சுவரைப் பிடித்து, அந்த இடம் இரத்தமின்றி மெல்ல அழுகித் திறக்க அத்தனை நாள் எடுக்கும். பிரசவம் வீட்டிலேயே நடக்கும் ஏழை நாடுகளில் நாட்கணக்கில் நீளும் பிரசவ வேதனைதான் இத்தகைய ஓட்டைக்குப் பெருங்காரணம். இலங்கையில் பிரசவம் அனேகமாக எல்லாமே வைத்தியசாலையில் நடப்பதால் அது அரிது. இங்கே இதைக் கண்டால் முதலில் கர்ப்பப்பை அகற்றிய சத்திரசிகிச்சையைத்தான் சந்தேகிக்கவேண்டும்.

இந்த நான்கின் மீதும் கிருமித்தொற்று வந்து படியலாம். ஒருவருக்கு முதலாவதும் இரண்டாவதும் சேர்ந்தே இருக்கலாம். அதனால்தான் மருத்துவரின் மேசைக்கு முன்னால் இரண்டு நிமிடத்தில் விஷயம் பிடிபடுவதில்லை. கேட்பவர் ஆண் மருத்துவராக இருந்துவிட்டால், "பரவால்லங்க ஐயா" என்று சொல்லிவிட்டு எழும்பி வருபவர்கள் அதிகம்.

கொப்பி எழுதும் முறை

பள்ளிப்பிள்ளையின் பழைய கொப்பி போதும். ஐந்து கட்டம் போடுங்கள்: நேரம், குடித்தது, கழித்த அளவு, அவசரமோ கசிவோ உண்டா, அப்போது என்ன செய்துகொண்டிருந்தார். மூன்று நாள், இரவும் பகலும். மலையில் நிற்கும்போது அளவெடுக்க முடியாது. ஆகவே இரண்டு நாள் வேலையில்லாத நாளாக இருக்கட்டும். மூன்றாவதான வேலை நாளில் நேரத்தையும் கசிவையும் மட்டும் குறித்தால் போதும். மனைவி சொல்லச் சொல்லக் கணவர் எழுதலாம்.

இப்படி ஒரு பக்கம் வந்தது என்று வைத்துக்கொள்வோம். காலை 5.00, 120 மில்லிலீட்டர், அவசரம். 5.20, சாயத்தண்ணி ஒரு கோப்பை. 6.00, 90, அவசரம், கக்கூஸுக்குப் படியில் இறங்கும்போது நனைந்தது. 7.10, 100, பீலியில் தண்ணீர் பிடிக்கும்போது முட்டிக் கசிந்தது. 8.00, சாயத்தண்ணி. 8.30, 80, அவசரம். இதைப் படிக்கும் மருத்துவருக்குக் கேள்வி பாதி குறைந்துவிடும். பை ஒருபோதும் 200ஐத் தொடவில்லை. ஒவ்வொரு தடவையும் அவசரம். கசிவு வருவது பாரம் தூக்கும்போதல்ல, தண்ணீரைக் காணும்போதும் கக்கூஸுக்கு ஓடும்போதும். இது பெரும்பாலும் இரண்டாம் வகை.

வேறொரு பக்கத்தில், கழிக்கும் அளவு 300, 350 என்று ஒழுங்காக இருந்து, கசிவு மட்டும் கூடை தூக்கும்போதும் இருமும்போதும் வந்தால் அது முதல் வகை. ஒவ்வொரு தடவையும் 40, 50தான், கழித்த பிறகும் அடிவயிறு கனக்கிறது என்றால் மூன்றாம் வகையைத் தேடவேண்டும். கழிக்கும் அளவு மிகக் குறைந்து, துணி மட்டும் இரவு பகலாக நனைந்தால் நான்காவது. நாள் முழுவதும் கழித்தது மூன்று லீட்டரை எட்டினால் கோளாறு பையில் இல்லாமல் இரத்தச் சர்க்கரையில் இருக்கக்கூடும். இரவுப் பங்கு மட்டும் அதிகமாக இருந்தால் கால்வீக்கம், இதயம், படுக்குமுன் குடிக்கும் தேநீர் ஆகியவற்றைப் பார்க்கவேண்டும்.

வைத்தியசாலையில் கேட்கவேண்டியவை

கொப்பியோடு இன்னொன்றையும் எடுத்துப் போகவேண்டும்: ஆப்பரேசன் முடிந்து வீட்டுக்கு விடும்போது கொடுத்த டயக்னோசிஸ் கார்ட். என்ன சத்திரசிகிச்சை, எந்த வழியால், இடையில் ஏதும் சிக்கல் வந்ததா என்பது அதில் இருக்கும். அரிசிப் பெட்டிக்குள்ளோ அலமாரி மேலோ கிடக்கும் அந்தத் தாள் பல பரிசோதனைகளை மிச்சப்படுத்தும்.

முதலில் சாதாரணச் சிறுநீர்ப் பரிசோதனை, தேவைப்பட்டால் கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர். கிருமி மாத்திரை தொடங்குவதற்கு முன்பே கல்ச்சருக்குக் கொடுக்கவேண்டும். தொடங்கிய பிறகு கொடுத்தால் விடை பிழைக்கும். அடுத்தது ஸ்கேன். அதில் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: கழித்த பிறகு பையில் எவ்வளவு மிச்சம்? 50 மில்லிலீட்டருக்குள் இருந்தால் நல்லது, 200ஐத் தாண்டினால் தேக்கம். இந்த ஓர் எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் அவசரத்துக்கான மாத்திரையைக் கொடுப்பது ஆபத்து; அந்த மாத்திரை பையின் தசையைத் தளர்த்தும், ஏற்கனவே சரியாகச் சுருங்காத பையின் வேலை முற்றாக நின்றுவிடலாம்.

ஓட்டை இருக்கிறதா என்று பார்க்க எளிய சோதனை உண்டு. யோனிக்குள் மூன்று பஞ்சுத் துண்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துவிட்டு, சிறுநீர்ப்பைக்குள் நீலச்சாயம் கலந்த நீரைச் செலுத்துவார்கள். பஞ்சு நீலமானால் ஓட்டை பையில். நீலமாகாமல் வெறும் சிறுநீரால் மட்டும் நனைந்தால் காயம் சிறுநீரகத்திலிருந்து வரும் குழாயில். பிறகு பைக்குள் கமெரா விட்டுப் பார்ப்பது, அழுத்தத்தை அளப்பது என்பவை தேவைக்கேற்ப வரும்.

ஒவ்வொன்றுக்கும் ஒரு வழி

அழுத்தக் கசிவுக்கு முதல் மருந்து பயிற்சி. அமெரிக்கப் பெண்நோயியல் மருத்துவர் ஆர்னல்ட் கீகல் 1948இல் இதை எழுதினார். வாயு வெளியேறாமல் அடக்கும்போது எந்தத் தசை உள்ளே இழுக்கிறதோ, அதுதான் இடுப்படித் தசை. அதை இறுக்கி ஐந்து எண்ணும்வரை பிடித்து, அதே அளவு நேரம் விடவேண்டும். ஒரு வேளைக்குப் பத்து, நாளுக்கு மூன்று வேளை. வயிற்றையும் தொடையையும் இறுக்கக்கூடாது, மூச்சை அடக்கக்கூடாது. பலன் தெரிய மூன்று மாதமாகும். ஒரு மாதத்தில் விட்டுவிடுபவர்கள்தான் "சரிவரல்ல" என்கிறார்கள். சத்திரசிகிச்சை செய்த மருத்துவர் சரி என்ற பிறகே தொடங்கவேண்டும். பயிற்சியால் தீராவிட்டால் சிறுநீர்க்குழாய்க்கு அடியில் தாங்குநாடா வைக்கும் சத்திரசிகிச்சை 1990களிலிருந்து உண்டு. நாடாவும் வலையும் சிலருக்குத் தீராத வலியைக் கொடுத்ததால் இங்கிலாந்து 2018இல் அவற்றின் பாவனையை இடைநிறுத்தியது. ஆகவே நன்மை தீமை இரண்டையும் கேட்டறிந்த பிறகே சம்மதிக்கவேண்டும்.

அவசரத்துக்கு முதலில் பைக்குப் பழக்கம். முட்டியதும் ஓடாமல் நின்று, இடுப்படித் தசையை இறுக்கி, முட்டு தணிந்த பிறகு மெல்லப் போவது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை என்பதைக் கால் மணி கால் மணியாக நீட்டி மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை என்று கொண்டுவருவது. சாயத்தண்ணி குறையவேண்டும், அதிலுள்ள கஃபீன் பையின் தசையைத் தூண்டும். தேயிலை மலையில் வாழ்பவருக்கு இது கொடுமையான புத்திமதிதான், ஆனாலும் நாளுக்கு ஏழெட்டுக் கோப்பை குடிப்பவர் இரண்டாக்கினால் ஒரு கிழமையிலேயே கொப்பியில் வித்தியாசம் தெரியலாம். போதாதென்றால் ஒக்ஸிபியூட்டினின், டோல்டெரோடின், சொலிஃபெனாசின் போன்ற மாத்திரைகள் உண்டு. வாய் உலரும், மலம் இறுகும், வயதானவருக்கு மனக்குழப்பம் வரலாம் என்பதால் மருத்துவர் பார்வையில்தான் எடுக்கவேண்டும்.

தேங்கி வழியும் பைக்கு நல்ல விடை கிடைத்தது 1972இல். மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஜாக் லாப்பிடிஸ் ஒரு துணிச்சலான யோசனையை வெளியிட்டார்: நோயாளி தானே சில மணி நேரத்துக்கு ஒரு தடவை மெல்லிய குழாயை உள்ளே விட்டுப் பையைக் காலி செய்துவிட்டு எடுத்துவிடலாம், கிருமி நீக்கிய கையுறை தேவையில்லை, கையும் குழாயும் சுத்தமாக இருந்தால் போதும். சக மருத்துவர்கள் அதிர்ந்தார்கள். லாப்பிடிஸின் கணக்கு வேறு. பை அளவுக்கு மீறி விரியும்போது அதன் சுவரில் இரத்த ஓட்டம் குறைகிறது, அங்கேதான் கிருமி காலூன்றுகிறது. விரியவிடாமல் காலி செய்தால் உடம்பே கிருமியைச் சமாளிக்கும். அவர் கணக்குச் சரியாயிற்று. நிரந்தரமாகக் குழாய் மாட்டிக்கொண்டு, சிறுநீர் சேகரிக்கும் பையைத் தொங்கவிட்டு நடப்பதைவிட இது எத்தனையோ மேல். கற்றுக்கொள்ள ஓரிரு நாள் போதும். பல பெண்களுக்கு நரம்பு தேறி, சில மாதத்தில் குழாயே தேவையில்லாமல் போகிறது.

ஓட்டையைத் தைக்க முடியும் என்று மருத்துவ உலகம் கற்றுக்கொண்ட வரலாறு வெட்கத்துக்குரியது. 1845 முதல் 1849 வரை அமெரிக்காவின் அலபாமாவில் ஜேம்ஸ் மரியன் சிம்ஸ் என்ற மருத்துவர் அடிமைப் பெண்கள் மீது திரும்பத் திரும்பச் சத்திரசிகிச்சை செய்து பார்த்தார். மயக்கமருந்து கொடுக்கவில்லை. மறுக்கும் உரிமை அவர்களுக்கு இருக்கவில்லை. அனார்ச்சா, பெட்சி, லூசி என்ற மூவரின் பெயர் மட்டும் நமக்குத் தெரியும். அனார்ச்சா 30 தடவை வெட்டப்பட்டார். வெள்ளிக் கம்பியால் தைத்து, பை விரியாதபடி குழாய் வைத்து வடித்துக்கொண்டிருந்தபோதுதான் காயம் ஒட்டியது. நியூயோர்க்கில் நின்ற சிம்ஸின் சிலை 2018இல் அகற்றப்பட்டது. ஆஸ்திரேலியாவின் கத்தரின் ஹாம்லினும் நியூசிலாந்தின் ரெஜினல்ட் ஹாம்லினும் கணவன் மனைவியாக எத்தியோப்பியாவுக்குப் போய் 1974இல் அடிஸ் அபாபாவில் இந்த ஓட்டைக்கு வைத்தியம் செய்வதற்கென்றே வைத்தியசாலை கட்டினார்கள். பல பத்தாயிரம் பெண்கள் அங்கே குணமானார்கள். இன்று சிறிய ஓட்டை சில கிழமை குழாய் வைத்து வடித்தாலே மூடிவிடலாம். மற்றவற்றைப் புண் தணிந்த பிறகு தைக்கிறார்கள், பெரும்பாலும் முதல் தடவையே சரிவருகிறது. இதைத் தலைவிதி என்று ஏற்றுக்கொண்டு துணியை மடித்து வைத்துக்கொண்டே வாழ எந்தப் பெண்ணுக்கும் காரணமில்லை.

கணவருக்கு இதே தொல்லை வந்தாலும் வழி இதுதான். புரொஸ்டேட் சுரப்பியைச் சுரண்டி எடுத்த பிறகு சில கிழமை அவசரமும் கசிவும் இருப்பது வழமை. பல மாதம் தாண்டியும் குறையாவிட்டால் கொப்பி எழுதிக்கொண்டு போகவேண்டியவர் அவர், கூடப் போகவேண்டியவர் மனைவி.

மலையில் நடக்கும் கெடுதல்

கொழுந்து எடுக்கும் மலைகளில் கக்கூஸ் இருப்பது அரிது. அதனால் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் இருந்துவிடுகிறார்கள். கசிவு உள்ளவர் இன்னும் குறைக்கிறார். சிறுநீர் கெட்டியாகிப் பையை எரிக்கிறது, அவசரம் கூடுகிறது, கிருமியும் வருகிறது. தண்ணீரைக் குறைப்பது இந்த நோய்க்கு மருந்தல்ல, தீனி. நாளுக்கு ஒன்றரை லீட்டராவது குடித்து, மாலைக்குப் பிறகு மட்டும் குறைத்துக்கொள்ளலாம்.

பாரம் தூக்கக்கூடாது என்று மருத்துவர் சொன்னால் அதை எழுத்தில் வாங்கித் தோட்டத்தில் கொடுக்கவேண்டும். ஆப்பரேசனுக்குப் பின் ஆறு கிழமையாவது கூடை தூக்கக்கூடாது என்பதே பொதுவான அறிவுரை. வீட்டில் தண்ணீர்க் குடமும் விறகும் அந்தக் கணக்கில் சேரும். அவற்றைத் தூக்கவேண்டியவர் கணவர்.

இன்னொரு பயத்தையும் தீர்த்துவிடலாம். ஊவாவில் சிறுநீர்த் தொல்லை என்றாலே கிராந்துருகோட்டைப் பக்கத்துச் சிறுநீரக நோயை நினைத்து நடுங்குகிறார்கள். அது உலர்வலய விவசாயக் கிராமங்களைப் பிடித்த, சிறுநீரகத்தைச் சத்தமில்லாமல் கெடுக்கும் வேறு நோய். சத்திரசிகிச்சைக்குப் பிறகு வரும் கசிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காய்ச்சலோடு விலாவில் வலி, சிறுநீரில் இரத்தம், ஆறு மணி நேரத்துக்கு மேல் கழிக்க முடியாமல் அடிவயிறு வீங்குவது, கால் மரத்துப்போவது: இவற்றில் ஒன்று வந்தாலும் கொப்பிக்காகக் காத்திருக்காமல் 1990 இலக்கத்துக்கு எடுத்து அம்புலன்ஸில் போகவேண்டும். மற்றபடி ஆப்பரேசன் முடிந்து ஆறு கிழமை தாண்டியும் தொல்லை விடாவிட்டால், பகுதி மருத்துவிச்சியிடமோ சுவநாரி கிளினிக்கிலோ வெட்கப்படாமல் சொல்லுங்கள். மூன்று நாள் எழுதுங்கள். கொப்பியையும் கார்டையும் எடுத்துக்கொண்டு இருவருமாகப் பசறை வழியாகப் பதுளைக்குப் போய், சத்திரசிகிச்சை செய்த கிளினிக்கில் காட்டுங்கள். "மிச்சம் எவ்வளவு நிக்குது, ஓட்டை இருக்கா, சிறுநீர் நிபுணருக்குத் துண்டு எழுதித் தருவீங்களா" என்ற மூன்று கேள்வியையும் கேட்காமல் திரும்பாதீர்கள். அரச வைத்தியசாலையில் வைத்தியம் இலவசம். உங்களுக்குச் செலவாவது பஸ் காசும் ஒரு நாள் பேரும்தான். வருடக்கணக்கில் இழந்த தூக்கத்தோடு ஒப்பிட்டால் அது பெரிய செலவல்ல.